கெட்டிமேளம் இல்லாத கல்யாணம்

ஆடி பிறந்தால் எனக்கு முதுகுவலி தொடங்கிவிடும். முகூர்த்தம் இல்லாத மாதம் என்று மண்டபத்துக்காரர்கள் வெள்ளையடிப்பார்கள், சமையல்காரர்கள் சொந்த ஊருக்குப் போவார்கள். வைகாசியிலும் ஆனியிலும் நடந்த கல்யாணங்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்குகளாக என் மேஜைக்கு வந்து அடுக்கிக் கிடக்கும். உறையூரில் வீட்டு மாடியில் உட்கார்ந்து பத்தொன்பது ஆண்டுகளாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். கேமராவைத் தூக்கியதில்லை. மண்டபத்துக்குப் போய் இலையில் உட்கார்ந்ததும் குறைவுதான். ஆனால் எந்த வீட்டுக் கல்யாணத்தில் யார் யாரோடு பேசவில்லை என்பது அந்த வீட்டாரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்படிப்பட்டவளுக்கு ஓய்வு நாளில் கல்யாண வீட்டுச் சிரிப்புப் படம் போட்டுக் காட்டுவது, பரோட்டா மாஸ்டரை விருந்துக்கு அழைத்துப் பரோட்டா போடுவது போன்றது. ஆனாலும் பார்த்தேன். காரணம் அத்தை.

அப்பாவின் அக்கா. வயது எழுபத்து மூன்று. பதினெட்டாம் பெருக்குக்குக் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் முளைப்பாரி விடுவதைப் பார்க்க வேண்டும் என்று வந்தவர், மறுநாள் மழை பிடித்துக்கொண்டதால் என் மாடி அறையில் மாட்டிக்கொண்டார். அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்பது கல்யாணங்களுக்கும் பந்தி விசாரணை அவர்தான். யாருக்கு அப்பளம் வரவில்லை, யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள் என்பதெல்லாம் அவருக்கு வருடவாரியாக நினைவிருக்கிறது. "உன் வேலையில் வராத கல்யாணம் ஏதாவது இருந்தால் போடு" என்றார். அலமாரியில் ஒரு பழைய டிஸ்க் இருந்தது. கென்னத் பிரானா 1993-இல் எடுத்த 'மச் அடு அபௌட் நத்திங்'. ஷேக்ஸ்பியரின் நாடகம்.

இந்த நாடகம் எனக்குப் பட்டப்படிப்பில் பாடம். நான் படித்த கல்லூரியில் இதைக் கைடைப் பிரித்து வைத்துக்கொண்டு நடத்தினார்கள். உலகத்தின் பெரிய நகைச்சுவை நாடகங்களில் ஒன்று என்று எழுதிப்போட்டுவிட்டு ஒரு பருவம் முழுவதும் ஒருவரும் சிரிக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கோபத்தில் வாங்கிய டிஸ்க் இது. இப்போது மூன்றாவது முறை பார்க்கிறேன். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. ஒவ்வொரு பேச்சுக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னதில் நூற்றுப் பதினோரு நிமிடப் படம் மூன்றரை மணி நேரம் ஓடியது. அந்த மூன்றரை மணி நேரத்தில் நான் கற்றது அந்த ஒரு பருவத்தில் கற்றதைவிட அதிகம்.

கதை இத்தாலியில், சிசிலித் தீவின் மெசினா நகரத்தில் நடக்கிறது. போர் முடிந்து இளவரசன் டான் பெட்ரோவும் அவன் ஆட்களும் ஆளுநர் லியோனாட்டோ வீட்டில் தங்க வருகிறார்கள். கிளாடியோ என்ற இளைஞன், வீட்டுப் பெண் ஹீரோவைப் பார்த்தவுடன் மயங்கிவிடுகிறான். (மணப்பெண்ணின் பெயரே ஹீரோ என்று அத்தைக்குப் புரியவைக்கப் பத்து நிமிடம் ஆனது. "அப்படியென்றால் கதாநாயகன் பெயர் என்ன?" என்றார்.) கல்யாணம் நிச்சயமாகிறது. ஆனால் படம் இவர்களைப் பற்றியதல்ல. பெண்ணின் பெரியப்பா சித்தப்பா வழி அக்காள் பியாட்ரிஸ், மாப்பிள்ளையின் தோழன் பெனடிக் ஆகிய இருவரும் கண்டால் கடித்துக் குதறிக்கொள்பவர்கள். கல்யாணமே வேண்டாம் என்று இருவரும் தனித்தனியாகச் சபதம் செய்திருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்துவைக்கும் சதிதான் படம். மோதலில் தொடங்கிக் காதலில் முடியும் கதைகளுக்கு மூத்த பாட்டி இதுதான். நாடகம் அச்சானது 1600-இல்.

சபையோருக்கு யாரைப் பிடிக்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. இங்கிலாந்து அரசன் முதலாம் சார்லஸ் தன்னுடைய ஷேக்ஸ்பியர் தொகுதியில் இந்த நாடகத்தின் தலைப்புக்குப் பக்கத்தில் இந்த இருவர் பெயரையும் தன் கையால் எழுதிவைத்திருந்தான். கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் யாருக்கு வேண்டும்? இதை நான் தினமும் பார்க்கிறேன். மேடையில் இருக்கும் இருவர் ஆறு மணி நேரம் கும்பிட்டுக்கொண்டே நிற்பார்கள். வாழ்க்கை எல்லாம் மேடைக்குக் கீழே, மூன்றாவது வரிசை நாற்காலிகளில் நடந்துகொண்டிருக்கும்.

படம் தொடங்கும்போதே அத்தை விடையைச் சொல்லிவிட்டார். தூதன் வந்து போர்ச் செய்தி சொல்கிறான். பியாட்ரிஸ் கேட்கும் முதல் கேள்வி, அந்த வாள்வீச்சு வீரர் திரும்பி வந்துவிட்டாரா இல்லையா என்பது. பெயரைக்கூடச் சொல்லாமல் பட்டப்பெயர் வைத்துக் கேலியாகத்தான் கேட்கிறாள். "யாரை முதலில் கேட்டாளோ அவன்தான்" என்றார் அத்தை. மிச்சப் படம் அத்தையைப் பொறுத்தவரை சம்பிரதாயம்.

எம்மா தாம்சன் பியாட்ரிஸ். பிரானாவே பெனடிக். படம் எடுத்தபோது இருவரும் கணவன் மனைவி, பிறகு பிரிந்துவிட்டார்கள். அது தெரிந்து பார்த்தால் சில இடங்கள் கொஞ்சம் வலிக்கும். தாம்சனுக்குக் கண்ணில் ஒன்று, குரலில் ஒன்று என்று இரண்டு தாளம் ஒரே நேரத்தில் ஓடுகிறது. பெனடிக்கின் மனதை நீ இழந்துவிட்டாயே என்று இளவரசன் கேலி செய்யும்போது, ஆமாம், அதை அவர் எனக்குக் கொஞ்சநாள் கடனாகக் கொடுத்திருந்தார், வட்டியும் கட்டினேன் என்ற பொருளில் ஒரு பதில் சொல்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். ஆனால் அந்தச் சிரிப்பு கன்னத்தோடு நின்றுவிடுகிறது. இவர்கள் புது எதிரிகள் அல்ல. முன்பே ஏதோ நடந்து, ஏதோ முறிந்து, அதன்மேல் கேலியைப் பூசி மூடியிருக்கிறார்கள். கல்லூரியில் இந்த ஒரு வரியை யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் நாடகம் முழுவதும் திறந்திருக்கும்.

அடுத்த நிமிடமே இளவரசன், பாதி விளையாட்டும் பாதி உண்மையுமாக, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவளைக் கேட்கிறான். இளவரசனாக வருபவர் டென்சல் வாஷிங்டன். நீங்கள் தினப்படி உடுத்த முடியாத விலையுயர்ந்த துணி, வேலைநாளுக்கு வேறொருவர் வேண்டும் என்று அவள் நோகாமல் மறுக்கிறாள். அவன் முகத்தில் ஒரு நொடி எதுவோ விழுந்து எழுகிறது. நான் அதை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன், தொழில் புத்தி. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. "இந்தப் பையன் லட்சணமாக இருக்கிறான்" என்று மட்டும் சொன்னார்.

இனி சதி. கிளாடியோ நாளைக்கே தாலி கட்டத் தயார். லியோனாட்டோ ஒரு வாரம் கேட்கிறார், ஏற்பாடுகள் இருக்கின்றன. அந்த ஒரு வாரம் வந்த விருந்தாளிகளுக்குப் பொழுது போக வேண்டும். அதற்காகத்தான் இந்த இருவரையும் சேர்த்துவைக்கும் விளையாட்டு! காதலுக்குக் காரணம் விதியும் இல்லை, பூர்வ ஜென்மமும் இல்லை. கல்யாண வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு பேர்தான். இதைவிட உண்மையான கல்யாண வீட்டுச் சித்திரத்தை நான் என் டிஸ்க்குகளிலும் பார்த்ததில்லை.

விளையாட்டு இதுதான்: பெனடிக் தோட்டத்தில் ஒளிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல, பியாட்ரிஸ் அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்று ஆண்கள் உரக்கப் பேசுகிறார்கள். அதேபோலப் பெண்கள் பியாட்ரிஸ் காதில் விழும்படி பேசுகிறார்கள். பிரானா வேலிச் செடிக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியோடு மல்லுக்கட்டுகிறார். கொஞ்சம் அதிகம்தான். நாற்காலி நடிக்கும்போது நடிகர் சும்மா இருக்கலாம். ஆனால் எல்லாரும் போன பிறகு, கல்யாணமே வேண்டாம் என்றவன் தன் மனமாற்றத்துக்குக் காரணம் தேடித் தடுமாறி, உலகத்தில் மக்கள்தொகை பெருக வேண்டாமா என்ற பெரிய பொதுநலத்தில் போய் நிற்கும் இடம் தங்கம். அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது பியாட்ரிஸ் அவனைச் சாப்பிட அழைக்க வருகிறாள். எனக்கு விருப்பமில்லை, அனுப்பினார்கள், வந்தேன், சாப்பிட வாருங்கள். அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் இரண்டு அர்த்தம் இருக்கிறது என்று அவன் தனக்குள் குதூகலிக்கிறான். "சாப்பிடக் கூப்பிடுகிற விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும்" என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். "பிடிக்காதவனைக் கூப்பிட வேண்டுமென்றால் சின்னப் பிள்ளையை அனுப்புவார்கள். தானே வந்திருக்கிறாள் பார்." ஒன்பது கல்யாணங்களின் அனுபவம். மறுத்துப் பேச எனக்கு என்ன தகுதி?

இங்கே ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். காதல் வந்துவிட்டது என்பதைக் காட்ட, பெனடிக் நீரூற்றில் குதித்துத் தண்ணீரை உதைப்பதையும் பியாட்ரிஸ் ஊஞ்சலில் பறப்பதையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்து மெதுவாக ஓட்டுகிறார் பிரானா. 1990-களில் எங்கள் தொழிலில் மணமகள் முகத்தைத் தாமரைப் பூவுக்குள் வைத்தார்களே, அதே வம்சம். கேசட்டு காலத்தில் எல்லாருக்கும் அந்த வியாதி இருந்தது, அவரை மட்டும் குறை சொல்லவில்லை. ஆனால் இன்று எவராவது என்னிடம் அப்படி ஒரு காட்சி கேட்டால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஒட்டுக்கேட்பதற்கு வருகிறேன். இந்த நாடகமே அதுதான். தலைப்பில் இருக்கும் 'நத்திங்' என்ற சொல்லை ஷேக்ஸ்பியர் காலத்தில் ஏறக்குறைய 'நோட்டிங்' என்றே உச்சரித்தார்கள். கவனிப்பது, உற்றுக் கேட்பது என்று பொருள். ஒன்றுமில்லாததற்கு இத்தனை அமளி என்றும் படிக்கலாம், ஒட்டுக்கேட்டதால் வந்த அமளி என்றும் படிக்கலாம். தோட்டத்தில் ஒட்டுக்கேட்டுக் காதல் பிறக்கிறது. சதிகாரன் டான் ஜான் காதுக்கு நிச்சயதார்த்தச் செய்தி வருவதும் ஒட்டுக்கேட்டவன் சொல்லித்தான். கடைசியில் உண்மை வெளிவருவதும் இரவுக் காவலர்கள் தற்செயலாக ஒட்டுக்கேட்டதால்தான்.

என் வேலையின் ரகசியம் ஒன்றை இங்கே சொல்கிறேன். கேமராவில் ஒரு மைக் இருக்கிறது. படம்பிடிக்கிறவர் மறந்துவிடுவார், படத்தில் இருப்பவர்களும் மறந்துவிடுவார்கள். அது மறக்காது. பந்தி வாசலில் சம்பந்திகள் பேசுவது, மணமகள் அறைக் கதவுக்கு வெளியே சித்திகள் பேசுவது, நகையின் எடையைப் பற்றி நாத்தனார் சொல்வது எல்லாம் அதில் இருக்கும். நான் ஹெட்போன் போட்டு முழுவதும் கேட்பேன். பிறகு அதன்மேல் ஒரு நாதஸ்வர இசையைப் போட்டு மூடுவேன். என் சம்பளமே அந்த மூடலுக்குத்தான் என்று சில சமயம் தோன்றும். அந்த ஒலியை அப்படியே விட்டுக் கொடுத்தால் திருச்சி மாவட்டத்தில் பாதிக் குடும்பங்கள் பேச்சை நிறுத்திவிடும்.

அதனால் ஹீரோவுக்கு நடந்ததை நான் தொழில்முறையாகப் பார்க்கிறேன். டான் ஜான் இளவரசனின் முறைதவறிப் பிறந்த சகோதரன். கல்யாணத்தைக் கெடுக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்குப் பெரிய நோக்கம் ஒன்றும் இல்லை. அவன் ஆள் பொராச்சியோ, தோழிப்பெண் மார்கரெட்டை இரவில் ஹீரோவின் ஜன்னலுக்கு வரவழைத்து, அவளை ஹீரோ என்று பெயர் சொல்லி அழைக்கிறான். கீழே இருட்டில் நிற்கும் மாப்பிள்ளை பார்க்கிறான். அவன் பார்த்தது என்ன? தூரத்து ஷாட், வெளிச்சம் இல்லை, முகம் தெரியவில்லை. படம் ஒருத்தியுடையது, ஒலி இன்னொருத்தியின் பெயர். இரண்டையும் ஒட்டி ஒரு பொய்யான துண்டு. பொராச்சியோ நல்ல எடிட்டர். எனக்கு வாய்ப்பும் கெட்ட புத்தியும் இருந்தால் அதே வேலையை அரை மணி நேரத்தில் செய்வேன், ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.

நாடகத்தில் இந்த ஜன்னல் காட்சி மேடைக்கு வருவதே இல்லை. நடந்ததாகச் சொல்லக் கேட்கிறோம், அவ்வளவுதான். பிரானா காட்டிவிடுகிறார். கிளாடியோவுக்கு ஏதோ காரணம் இருந்தது என்று நாம் கொஞ்சம் இரங்க வேண்டும் என்பதற்காக இருக்கலாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காட்டாமல் விட்டிருந்தால் அவன் நம்பியதன் அற்பத்தனம் முழுசாகத் தெரிந்திருக்கும். காட்டியதால் அவன் பக்கம் ஒரு காட்சி சேர்ந்துவிட்டது. ஹீரோ பக்கத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள், அதை யார் படம் எடுத்தார்கள்?

மறுநாள் கல்யாணம். பாதிரியார் கேட்கிறார், கிளாடியோ சபைநடுவே அவளைக் கெட்டுப்போனவள் என்கிறான், தள்ளிவிடுகிறான், அலங்கரித்து வைத்த பெஞ்சுகள் உருள்கின்றன. இதுவரை சிரித்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். படத்தை நிறுத்தச் சொன்னார். தண்ணீர் குடித்தார். பிறகு, "அங்கே கெட்டிமேளம் இல்லை. அதுதான்" என்றார்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது. தாலி ஏறும் நேரத்தில் எவன் வாயிலிருந்தும் ஒரு கெட்ட சொல் காதில் விழக்கூடாது என்றுதானே தவிலை அப்படி வெளுத்து வாங்குகிறார்கள்! அவர்கள் வழக்கம் நேர் எதிர். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று பாதிரியாரே இடம்விட்டுக் கேட்கிறார். நாம் காதைப் பொத்திக்கொண்டு கல்யாணம் செய்கிறோம், அவர்கள் காதைத் திறந்துவைத்துக்கொண்டு செய்கிறார்கள். எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நம் ஊரில் அந்தச் சொல் மேளம் நின்ற பிறகு வரும்.

"பெண்ணின் அம்மா எங்கே?" இது அத்தையின் அடுத்த கேள்வி. அப்பன், மகள் தலைமுடியைப் பிடிக்கிறான், செத்துப்போ என்கிறான். அம்மா இருந்தால் இப்படி நடக்குமா? படத்தில் அம்மா இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது, கல்லூரியில் கைடின் அடிக்குறிப்பில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 1600-இல் வந்த முதல் பதிப்பில், லியோனாட்டோவோடு அவன் மனைவி இன்னோஜன் மேடைக்கு வருகிறாள் என்று இரண்டு இடங்களில் குறிப்பு இருக்கிறது. அவளுக்கு ஒரு வசனமும் இல்லை. எவரும் அவளோடு பேசுவதும் இல்லை. எழுதத் தொடங்கும்போது ஷேக்ஸ்பியர் மனத்தில் ஓர் அம்மா இருந்திருக்கிறாள், எழுத எழுத அவளுக்குப் பேச்சு கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, பதிப்பாசிரியர்கள் பெரும்பாலோர் அவளை நீக்கிவிட்டார்கள். அத்தையிடம் சொன்னேன். "அடப்பாவி, அவளுக்கு இரண்டு வரி எழுதியிருந்தால் கதையே நடந்திருக்காது" என்றார். அதனால்தான் எழுதவில்லை போலும்.

சரி, படத்தின் உயரமான இடம் இனிமேல்தான். எல்லாரும் போன பிறகு பியாட்ரிஸும் பெனடிக்கும் சிறிய தேவாலயத்துக்குள் தனியாக நிற்கிறார்கள். அவள் அழுதிருக்கிறாள். இத்தனை நேரம் யார் யாரோ சொல்லிக் கேட்ட காதலை முதன்முதலாக ஒருவருக்கொருவர் வாயால் சொல்கிறார்கள். உனக்காக என்ன செய்யவேண்டும், கேள் என்கிறான். கிளாடியோவைக் கொல் என்கிறாள்.

மேடையில் இந்த இடத்தில் சபை சிரித்துவிட்டால் நாடகம் கவிழ்ந்துவிடும் என்பார்கள். தாம்சனைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. தான் ஆணாகப் பிறக்கவில்லையே என்று அவள் குமுறுவது வசனமாகவே காதில் விழவில்லை. பிறகு பெனடிக் ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்: கிளாடியோ ஹீரோவுக்கு அநியாயம் செய்துவிட்டான் என்று உன் மனசாட்சியறிய நினைக்கிறாயா? ஆமாம் என்கிறாள். போதும் என்று நண்பனைச் சண்டைக்கு அழைக்கக் கிளம்பிவிடுகிறான்.

ஜன்னலடியில் என்ன நடந்தது என்று பெனடிக்குக்குத் தெரியாது. சாட்சி கேட்கவில்லை. தன் கண்ணால் பார்த்ததை நம்பியவன் அங்கே ஒரு பெண்ணைத் தரையில் தள்ளினான். இவன் இவளுடைய ஒரு சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு தன் சினேகிதத்துக்கு எதிராக வாளை எடுக்கிறான். கேலி பேசிப் பேசியே இவள் பொய் சொல்லாதவள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சண்டைக்காரர்களுக்குள் வந்த காதலை நான் நம்பியது அந்த நொடியில்தான். நீரூற்றில் குதித்தபோது அல்ல.

பிற்காலத்தில் இதே கதையை எடுத்தவர்களில் சிலர் கைவிடுவதும் இந்தப் பகுதியைத்தான். 2023-இல் சிட்னி நகரத்தில் நடக்கும் கல்யாணமாக மாற்றி எடுத்த 'எனிஒன் பட் யூ' உலகமெங்கும் 20 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது. பெயர்கள்கூட பீ, பென் என்று பாட்டியின் சாயலில்தான். கடல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, இருவரும் பார்க்க அழகு. மணப்பெண்மீது பழி மட்டும் இல்லை. அதனால் பென்னுக்கு எதையும் நம்பவேண்டிய கட்டாயமும் இல்லை. பார்த்தேன், சிரித்தேன், மறுநாள் மறந்தேன். ஜாஸ் வீடன் தன் சொந்த வீட்டிலேயே பன்னிரண்டு நாட்களில் கறுப்பு வெள்ளையில் எடுத்த 2012 படம் வேறு வகை. அதில் பழியும் உண்டு, ஒயினும் உண்டு. இரவில் தனியாகப் பார்க்க அது. வீட்டோடு உட்கார்ந்து பார்க்க பிரானாவினுடையது.

வீட்டோடு என்று சொன்னதற்கு ஓர் எச்சரிக்கை. தொடக்கத்தில் போர்வீரர்கள் வந்திறங்கியதும் ஆணும் பெண்ணுமாக வீடே குளிக்க ஓடுகிறது. முதுகுப்புறங்கள் நிறையத் தெரியும். ஜன்னல் காட்சியும் சிறுவர்களுக்கு ஏற்றதல்ல. அத்தை முதலாவதற்கு, "குளிக்கத்தானே போகிறார்கள்" என்றார். இரண்டாவதற்குக் கண்ணை மூடிக்கொண்டு, முடிந்ததும் சொல் என்றார்.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கியானு ரீவ்ஸ் டான் ஜானாக முகத்தைச் சுருக்கிக்கொண்டே வருகிறார். மோசமான நடிப்புக்கான ராஸ்ப்பெரி கேலி விருதுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, நான் ஆட்சேபிக்க மாட்டேன். காவலர் தலைவன் டாக்பெரியாக மைக்கேல் கீட்டன், இல்லாத குதிரையில் ஏறிக் குதித்துக்கொண்டு வருகிறார். அவன் வேடிக்கை முழுவதும் சொற்களைத் தப்புத்தப்பாகப் பயன்படுத்துவதில் இருக்கிறது. கீட்டன் வாய்க்குள்ளேயே மென்றுவிடுவதால் எனக்கே பாதி விளங்கவில்லை, அத்தைக்கு எங்கே சொல்வது? ஹீரோவாக வரும் கேட் பெக்கின்சேல் அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் மாணவி. செய்ய அதிகம் இல்லை, அழகாக மயங்கி விழுகிறார். தோழிப்பெண் அர்சுலாவாக வரும் ஃபிலிடா லா, எம்மா தாம்சனின் சொந்த அம்மா. அம்மா இல்லாத கதையில் ஓர் அம்மா தெரியாமல் நுழைந்துவிட்டார் என்று இதை அத்தையிடம் சொன்னபோது அவருக்குப் பெரிய ஆறுதல்.

இடம் சிசிலி என்று சொல்கிறார்களே தவிர, எடுத்தது டஸ்கனியில், கிரேவே ஊரை ஒட்டிய வின்யமாஜ்ஜோ மாளிகையில். கடல் இல்லை. திராட்சைத் தோட்டங்களும் சைப்ரஸ் மரங்களும் தேன்நிற வெயிலும் இருக்கின்றன. அந்த வெயிலுக்காகவே எத்தனை தடவையும் பார்க்கலாம். நம் மண்டபங்களின் டியூப்லைட் வெளிச்சத்தில் மணமக்கள் முகத்திலிருந்து பச்சையை நீக்கிப் பிழைப்பவள் சொல்கிறேன்.

முடிவுதான் குறை. செத்துப்போனதாக நாடகமாடிய ஹீரோ, முகத்திரையோடு மறுபடியும் மணமேடைக்கு வருகிறாள். கிளாடியோவிடம், என் தம்பி மகள் ஒருத்தி இருக்கிறாள், அவளைக் கட்டிக்கொள் என்று லியோனாட்டோ சொல்ல, முகத்தைக்கூடப் பார்க்காமல் சரி என்றவன் அவன். "இவனுக்கா மறுபடியும் பெண் கொடுக்கிறார்கள்?" அத்தைக்குக் கோபம் தாங்கவில்லை. எனக்கும்தான். கண்டித்து ஒரு சொல்கூட அந்தப் பெண் பேசவில்லை. நாடகத்தின் குறை அது, இயக்குநரை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஆனால் திரையை விலக்கும் நொடியில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். இங்கே அவர் அவசரப்படுகிறார்.

ஏன் அவசரம் என்றால், கடைசி ஷாட்டுக்கு ஓட வேண்டும். வெட்டே இல்லாத ஒரே ஷாட். வீடு முழுவதும் கைகோத்து ஆடுகிறது. கேமரா அவர்களோடு முற்றத்திலும் தோட்டத்திலும் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, பூவிதழ்கள் பறக்கின்றன, முடிவில் கேமரா மேலே மேலே ஏறி மாளிகையையே கீழே விட்டுவிடுகிறது. டிரோன் இல்லாத காலத்தில். இன்று ஒரு பறக்கும் பொம்மை செய்வதை அன்று ஒரு மனிதன் கேமராவைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்கச் செய்திருக்கிறான். முதலில் கவிதையாகவும் நடுவில் பாட்டாகவும் வந்த அதே வரிகளை இப்போது எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். அந்த இசையை அமைத்த பேட்ரிக் டாய்ல்தான் நடுவில் பாடகனாகவும் வந்தவர்.

பியாட்ரிஸுக்கு ஒரு பேச்சு இருக்கிறது; அதை அத்தைக்கு நான் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கல்யாணமாகாமல் சாகும் பெண் நரகத்துக்குக் குரங்குகளை ஓட்டிப்போக வேண்டும் என்று அந்தக் கால இங்கிலாந்தில் ஒரு சொலவடை. பியாட்ரிஸ் சொல்கிறாள்: வாசல்வரை ஓட்டிப்போவேன், உன்னைப்போன்ற பெண்ணுக்கு இங்கே இடமில்லை என்று சாத்தான் திருப்பி அனுப்புவான், குரங்குகளை அங்கேயே விட்டுவிட்டு நான் சொர்க்கத்துக்குப் போய்க் கல்யாணமாகாதவர்களோடு உட்கார்ந்துகொண்டு பொழுதெல்லாம் சந்தோஷமாக இருப்பேன். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். அத்தை, "குரங்குகளுக்குச் சாப்பாடு போட்டாளாமா?" என்றார்.

ஆட்டம் முடிந்து எழுத்து ஓடத் தொடங்கியது. கண்ணாடியைப் பெட்டியில் வைக்கப் போன அத்தை, கொஞ்சம் பின்னால் ஓட்டு என்றார். ஓட்டினேன். எல்லாரும் ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டு போகிறார்கள். இளவரசன் டான் பெட்ரோ மட்டும் ஆட்டத்தில் சேராமல் தனியாக நிற்கிறான். நீங்களும் ஒரு கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று பெனடிக் அவனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். கேமராவும் ஆட்டத்தோடு போய்விடுகிறது.

"அங்கே நிறுத்து" என்றார். நிறுத்தினேன். வெளியில் மழை விட்டிருந்தது. அத்தை திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இந்தப் பையனை யாராவது சாப்பிடக் கூப்பிட்டார்களா?"